பதினாறு ஊற்று

"முதல்ல நாலு ஊற்று. அப்புறம் மணிக்கு ஒண்ணு. இந்தப் புயல்ல ஹெலிகாப்டர் வர ராத்திரி பத்தாகும்மா. ஆக மொத்தம் பதினாறு. பாட்டில்ல இருக்கா?"

திரையில் டாக்டரின் முகம் அலைபோல ஆடியது. வியாகுலமேரி சாராயப் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தாள். முழுப் பாட்டிலுக்கு இருபத்தைந்து ஊற்று. காலையில் பக்கத்து வீட்டுக் கபிரியேல் ஒன்று குடித்திருந்தான்.

"இருபத்து நாலு இருக்கு டாக்டர்."

"அப்ப பொழச்சுக்குவாரு."



தூத்துக்குடிக் கரையிலிருந்து வெகு தொலைவில், கடலடியில் உலோகம் தோண்டும் மேடை அது. பெரியவர்கள் முப்பத்தொரு பேர். அவள் கணவன் இருதயராஜ் விடிகாலையில் இயந்திரம் கழுவும் ஸ்பிரிட்டைக் குடித்துவிட்டான். அதற்கு மருந்து நல்ல சாராயம். ஈரல் அதைத்தான் முதலில் எடுத்துக்கொள்ளும். அது தீராதவரை ஸ்பிரிட்டைத் தொடாது. தொட்டால்தான் ஸ்பிரிட் விஷமாகும்.

பாட்டிலின் கழுத்தில் ஊற்றெண்ணி இருந்தது. நாடெங்கும் எல்லாப் பாட்டிலிலும் இருப்பதுதான். உள்ளங்கையை வைத்தால் முப்பது மில்லி ஊற்றும். ஒரு கைக்கு ஒரு நாளில் இரண்டு ஊற்று. நாள் காலை ஆறு மணிக்கு மாறும். உடைத்தால் கழுத்திலுள்ள தூள் விழுந்து சரக்கு முழுதும் பிசினாகிவிடும். குடிக்க மாட்டேன் என்று உறுதி கொடுத்த கை சுழியக்கை. அதற்கு எந்தப் பாட்டிலும் திறக்காது.

மேடையில் இருபத்தேழு சுழியக்கைகள். வீடு வீடாகப் போய்ச் சேர்த்தவள் வியாகுலமேரி. போன ஈஸ்டருக்கு இருதயராஜின் கையைத் தானே பிடித்து உறுதிக்கு வைத்தாள். இல்லாவிட்டால் அவன் ஸ்பிரிட் தொட்டிக்குப் போயிருக்க மாட்டான்.

ஊற்றெண்ணி அலுவலகத்தைக் கூப்பிட்டாள்.

"உறுதியைத் திரும்ப வாங்க முப்பது நாளாகும்மா," என்றார் அதிகாரி.

"ஆள் சாகக் கெடக்காரு சார். அவசரத்துக்குன்னு ஒரு வழி இருக்குமே?"

"இருந்துச்சு." அவர் எதையோ புரட்டினார். "அதை வச்சு ஏமாத்துறாங்கன்னு ஒரு சங்கம் மனு கொடுத்துச்சு. எடுத்துட்டோம். செயலாளர் வியாகுலமேரின்னு போட்டிருக்கு. நீங்க யாரு பேசுறீங்க?"

அவள் திரையை அணைத்தாள்.

உறுதி கொடுக்காதவர்கள் நாலு பேர். ஆளுக்கு இரண்டு, கபிரியேல் குடித்தது போக ஏழு. நாலு பேரும் சொல்லாமலே வந்து நின்றார்கள்.

"உங்க கூட்டத்துக்கு நான் மட்டும் வந்து கையை வச்சிருந்தேன்னா, மேரிக்கா," என்றான் கபிரியேல், "இப்ப ஒண்ணு கொறஞ்சிருக்கும்."

"வாய மூடிட்டு ஊத்துலே."

பத்து மணிக்கு முதல் நாலும் இறங்கின. பதினொன்றுக்கு ஒன்று. பன்னிரண்டுக்கு ஒன்று. அதன் பிறகு கபிரியேலின் கையில் ஒன்றுதான் மீதி.

"கட்டிங் போடுவோம்க்கா. குவார்ட்டரை ரெண்டாக்கி முன்னபின்ன தெரியாதவன்கூட குடிச்சவங்க நாங்க. இதைப் பாதியாக்கி ரெண்டு மணி நேரம் ஓட்டலாம்."

மறுபடி திரையில் வந்த டாக்டர் மறுத்துத் தலையாட்டினார். "பாதி ஊத்துறதும் ஊத்தாததும் ஒண்ணுதாம்மா."

ஒரு மணிக்கு அதை முழுதாக ஊற்றினார்கள்.

இருதயராஜ் மெல்லத் தலையைத் திருப்பினான். "மேரி, லைட்டை ஏன் அமத்தின?"

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. "கரண்ட் இல்லங்க. இப்ப வந்துரும்."

இரண்டு மணி. பாட்டிலில் பதினேழு ஊற்று பொன்னிறமாக நின்றது.

சமையற்கட்டிலிருந்து லூர்தம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "நானும் ஒருக்க வச்சுப் பாக்கட்டா? மெஷின்தானே, தப்பாக் கூட எண்ணும்." வைத்தாள். ஊற்றெண்ணி இனிய குரலில் பேசியது: "வாழ்த்துகள். நீங்கள் குடிக்காமல் இருநூற்றுப் பன்னிரண்டு நாள்."

அவளுக்குப் பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் உறுதி கொடுத்த எல்லோரும் வரிசையில் நின்றார்கள். வாழ்த்துகள், நூற்றெண்பது நாள். வாழ்த்துகள், தொண்ணூற்றாறு நாள். ஒரு சொட்டு விழவில்லை.

கட்டிலில் இருதயராஜ் மூச்சு வாங்கச் சிரித்தான். "என்ன மேரி, யாருக்கு இம்புட்டு வாழ்த்து? எதும் விசேஷமா?"

"ஆமாங்க," என்று சொல்லி, அவள் தன் கையை வைத்தாள்.