ஐந்து மணிக் குரல்

"ஐயா, என் வீட்டுக்காரரோட குரலை யாரோ நிறுத்திட்டாங்க" என்றார் தையற்கார அம்மாள்.

பூட்டுக்காரர் அராவிக்கொண்டிருந்த சாவியைக் கீழே வைத்தார். அந்தத் தெருவில் எது காணாமல் போனாலும் முதலில் அவர் கடைக்குத்தான் சேதி வரும். பக்கத்து ஸ்டூலில் இருந்த அவருடைய மைத்துனிக்கு முகம் மலர்ந்துவிட்டது. தட்டச்சு சொல்லிக்கொடுப்பது அவள் தொழில், துப்பறிவது ஆசை.

"உக்காருங்கம்மா. முதல்லேர்ந்து சொல்லுங்க."

அம்மாள் லைனிங் துணியில் சுற்றியிருந்த ஒரு கைப்பேசியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"அவர் கொத்தனார். போன மாசம் நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவர் எழுந்திருக்கலை. இதுல தினமும் காலைல அஞ்சு மணிக்கு அலாரம் அடிக்கும். மணிச்சத்தம் இல்லைங்க, அவரே பேசி வெச்சது. 'எழுந்திரு தூங்குமூஞ்சி, கலவை காயுது!' அவர் போன பிறகும் அடிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு. நான் சார்ஜரை விட்டு எடுக்கவே இல்லை. வேற எதுலயும் அவர் பேசினது கிடையாது. இது ஒண்ணுதான்." கைப்பேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "நேத்து அடிக்கலை. இன்னிக்கும் அடிக்கலை. அழிச்சிருந்தா நான் என்ன செய்வேன்?"

"நீங்க எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க?"

"நாலரைக்கே. கல்யாணமானதிலிருந்து அப்படித்தான்."

பூட்டுக்காரர் தலையசைத்தார். "அலாரம் அடிக்கும்போது யார் வேணும்னாலும் அதோட வாயை மூடலாம். மறுநாளும் அடிக்காம செய்யணும்னா போனைத் திறக்கணும். ரகசிய எண் உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. கேட்டதும் இல்லை."

"கைரேகை?" என்று முந்திக்கொண்டாள் மைத்துனி.

அம்மாள் தன்னையறியாமல் சிரித்தார். "அவர் கைல ஏதும்மா ரேகை? முப்பது வருஷமா சிமென்ட். வேலையிடத்துல வருகை மெஷின் அவர் விரலைக் கண்டாலே 'மறுபடி வை, மறுபடி வை'ன்னு கத்துமாம். மேஸ்திரி திட்டிக்கிட்டே நோட்டுல எழுதிக்குவார். போன் வாங்கின அன்னிக்கு என் பொண்ணுதான் ஆசைக்குத் தன் விரலைப் பதிஞ்சு வெச்சா."

மைத்துனி அத்தானின் முழங்கையை இடித்தாள். 'அப்புறம் என்ன?' என்று கேட்டன அவள் கண்கள்.

"வீட்டுல யார் யார் இருக்கீங்க?"

"நான், பொண்ணு, என் கொழுந்தன். அவனும் அவர்கூடத்தான் கொத்து வேலை செஞ்சான். நடுவுல ஒரு பலகைத் தடுப்பு, அந்தப்பக்கம் அவன் அறை. பொண்ணு பத்து நாளா ஒரே தொந்தரவு. கடையில கொடுத்து உள்ள இருக்கறதெல்லாம் அழிச்சு வாங்கி நான் வெச்சுக்கறேங்கறா."

"சாயங்காலம் வர்றோம். எல்லாரையும் இருக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் போனை யாரும் தொடவேணாம்."

அம்மாள் போனதும் மைத்துனி பொங்கினாள். "இதுல சாயங்காலம் எதுக்கு அத்தான்? ஒரே ஒரு விரல்தான் பதிஞ்சிருக்கு. அந்த விரலுக்குச் சொந்தக்காரியைப் பிடிச்சா முடிஞ்சது!"

"அவசரப்பட்டுச் சாவியைத் திருகினா உள்ளேயே முறிஞ்சுக்கும். பேசாம வா."

மாலையில் தையல் அறையில் எல்லோரும் கூடினார்கள். வெட்டிப்போட்ட துணிகளை ஒதுக்கிவிட்டு மகள் பாயில் உட்கார்ந்திருந்தாள். கொழுந்தன் வேலையிலிருந்து அப்படியே வந்திருந்தான். புருவத்திலும் சிமென்ட்.

"தம்பி, அண்ணன் இந்தப் போனை எப்படித் திறப்பார்?" என்றார் பூட்டுக்காரர்.

"விரலை வெச்சுத்தாங்க. எண்ணு கிண்ணெல்லாம் எனக்குத் தெரியாது."

பூட்டுக்காரர் மகளிடம் கைப்பேசியை நீட்டினார். "உன் விரலை வையும்மா."

"திறக்காது மாமா. பத்து நாளைக்கு முன்னாடியே வெச்சுப் பார்த்தேன். எண்ணைப் போடுன்னுச்சு. அதனாலதான் கடையில கொடுக்கலாம்னேன்."

"பரவாயில்லை, வை."

வைத்தாள். கைப்பேசி திறந்துகொண்டது.

"பிடிச்சாச்சு!" என்று துள்ளினாள் மைத்துனி. "என்னடியம்மா, திறக்காதுன்னு சொன்னே?"

மகள் வெளிறிப்போனாள். "அம்மா, சத்தியமா நான் இல்லை! அன்னிக்குத் திறக்கலைம்மா!"

"அவ சொல்றது நிஜம்" என்றார் பூட்டுக்காரர். "இந்தப் போன் விரலை ஒரேயடியா நம்பாது. மூணு நாள் யாரும் எண்ணைப் போடலைன்னா, பழகின விரலையும் வெளியே நிறுத்திடும். மறுபடி ஒருத்தர் எண்ணைப் போட்டாத்தான் விரலுக்கு மரியாதை. கொத்தனார் போய் ஒரு மாசமாச்சு. பத்து நாளைக்கு முன்னாடி விரலை ஒதுக்கின போன் இன்னிக்கு 'வாங்க'ன்னு கூப்பிடுது. அப்படின்னா?"

மைத்துனி மெல்ல உட்கார்ந்தாள். "மூணு நாளுக்குள்ள யாரோ எண்ணைப் போட்டிருக்காங்க."

"எண் தெரிஞ்சவங்க. இந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருந்தா கடைக்குக் கொடுக்கச் சொல்லிக் கெஞ்சியிருக்க மாட்டா. அம்மாவுக்குத் தெரியாது. தம்பி, வேலையிடத்துல இன்ஜினீயர் அளவுப் படம் அனுப்புவார். அண்ணன் ரெண்டு கையும் கலவையில இருக்கும். போனைத் திறந்து காட்டுறது யாரு?"

கொழுந்தன் தரையைப் பார்த்தான்.

"விரலை வெச்சுத் திறப்பார்னு சொன்னீங்க. மெஷினே ஏத்துக்காத விரல் அது. தினமும் கூட வேலை செஞ்ச உங்களுக்கு அது தெரியாம இருக்குமா? எண்ணைப் பத்தி நான் கேக்கவே இல்லை. நீங்களா தெரியாதுன்னீங்க. இன்னொண்ணு. நாலரைக்கு எழுந்திருக்கிற அம்மாவை அஞ்சு மணிக்கு எதுக்கு எழுப்பணும்? கலவை காயுதுன்னு தையற்காரங்ககிட்ட எதுக்குச் சொல்லணும்? அந்த அலாரம் யாருக்கு?"

"எனக்குத்தான்" என்றான் கொழுந்தன்.

தையல் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற அம்மாள் அசையவில்லை. "அழிச்சிட்டியா?"

"இல்லை அண்ணி. அதுக்குக் கை வரலை. நிறுத்தி மட்டும்தான் வெச்சேன்." அவன் முகத்தைத் துடைத்ததில் சிமென்ட் ஈரமாகிக் கோடு விழுந்தது. "உங்களுக்கு அது அண்ணன் குரல். என்னை அது கூப்பிடுது அண்ணி. அடிச்சதும் தூக்கக் கலக்கத்துல 'வந்துட்டேண்ணே'ன்னு சொல்லிக்கிட்டே போய்க் கதவைத் திறப்பேன். வெளியே அவர் நிக்கமாட்டார். தினமும் திறந்தேன். முந்தாநாளோட என்னால முடியலை."

மைத்துனி மூக்கை உறிஞ்சிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அம்மாள் அவன் அருகில் வந்தார். "என்னை அவர் எழுப்பறார்னு நான் நினைச்சேனாக்கும்? அவர் உன்னைத் திட்டறதைக் கேக்கத்தான் உக்காந்திருப்பேன். என்னை அவர் ஒரு நாளும் திட்டினதில்லை. அதையாவது கேப்போம்னு." பிறகு, "நீ எத்தனை மணிக்குக் கிளம்புவே?"

"அஞ்சே முக்கால்."

"ஆறு மணிக்கு மாத்து. நீ போன பிறகு நான் கேட்டுக்கறேன்."

"அம்மா, உன் விரலையும் பதிஞ்சு தரட்டுமா?" என்றாள் மகள்.

"விரல் வேணாம். எண்ணைச் சொல்லச் சொல்லு. அவர் உங்க சித்தப்பாகிட்ட விட்டுட்டுப் போனது. எனக்கும் வரட்டும்."

கொழுந்தன் விழித்தான். "வாயால சொல்ல வராது அண்ணி. கட்டைவிரலுக்குத்தான் தெரியும். பாருங்க." மெதுவாக ஒவ்வோர் எண்ணாகத் தொட்டுக் காட்டினான். அம்மாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, ஊசியில் நூல் கோர்ப்பவரைப்போல மூச்சைப் பிடித்துத் தானும் தொட்டார். இரண்டாவது முறையில் திறந்தது.

பூட்டுக்காரர் எழுந்து செருப்பைத் தேடினார். மைத்துனி மகளிடம் போய், "உன்னைச் சந்தேகப்பட்டுட்டேம்மா, மனசுல வெச்சுக்காதே" என்றாள்.

அலாரத்தை ஆறுக்கு நகர்த்திய கொழுந்தன் கைப்பேசியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"அண்ணி, ஞாயித்துக்கிழமை எனக்கு வேலை இல்லை. நான் வீட்டுலதான் இருப்பேன்."

"தெரியும்டா" என்றார் அம்மாள். "ஆறு மணிக்கு முன்னாடியே எழுந்து இங்க வந்துடு. தனியா படுத்துக்கிட்டுக் கேக்காதே. நானும் இத்தனை நாள் தனியாத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்."