மச்சான் பிடிக்காத கயிறு

கிணற்றுக் கயிறு நனைந்திருந்தது.

விக்டோரியா முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடலை ஒட்டிய பழைய சரக்குக் கிட்டங்கி. உப்புக் காற்று எதைத்தான் விட்டுவைக்கிறது? அதற்கு வெள்ளையடித்து, போர் அருங்காட்சியகம் என்று பலகை மாட்டி, துருப்பிடித்த பீரங்கிகளையும் ஓட்டை விழுந்த இரும்புத் தொப்பிகளையும் வரிசையாக வைத்திருந்தார்கள். பார்க்க ஒரு ஈ, காக்கை இல்லை. மில்லர்புரம் வீட்டில் தனக்கு மட்டும் சோறு வடித்து, அந்த ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்த்த பிறகு மத்தியானம் நகர மாட்டேன் என்கிறதே என்றுதான் அவளும் பஸ் ஏறியிருந்தாள்.

"யக்கா, நீங்க பாத்துக்கிட்டு இருங்க. நான் சாப்பிட்டுட்டு வாரேன்" என்றாள் சீட்டுக் கொடுக்கும் ஜெயசெல்வி. "கதவ வெளிய பூட்டிட்டுப் போறேன். மாடு உள்ள வந்துருது."

"அந்தக் கெணத்துல தண்ணி கெடக்கா?" என்று விக்டோரியா கேட்டாள்.

"அது மண்ணு மூடித் தூந்து எத்தனையோ வருசமாச்சுக்கா."

பூட்டு விழுந்தது. செருப்புச் சத்தம் தேய்ந்து போனது.

உள்கூடத்தின் நடுவே அந்தக் கிணறு. குறுக்கே போட்ட கட்டையில் சுற்றிய கயிறு அதற்குள் இறங்கியது. பக்கத்தில் எழுதி வைத்திருந்ததைப் படித்தாள். யுத்த காலத்தில் மூழ்கிய கப்பலிலிருந்து குண்டுப் பெட்டிகளை எடுக்க மூச்சடக்கி மூழ்கிச் சங்கெடுக்கும் நம்மூர்ச் சங்குகுளிகளைக் கடலில் இறக்கினார்களாம். மேலே கயிறு பிடித்தவர்கள் சிப்பாய்கள். விமானச் சத்தம் கேட்டதும் கயிற்றைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். குளித்தவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. மிஞ்சியது இந்தக் கயிறுதானாம்.

சிப்பாய் எப்படிப் பிடிப்பான்? இந்தக் கரையில் குளிக்கிறவனின் கயிற்றை மச்சான்தான் பிடிக்க வேண்டும், அதுவும் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன். அக்காள் தாலி போய்விடுமே என்று பதறுகிற கைதான் கடைசிவரை விடாது.

சங்கு குளிக்கப் போன அவள் புருஷன் ஜெரால்டின் கயிற்றையும் அவள் தம்பி டெரன்ஸ்தான் பிடித்தான். விடவும் இல்லை. ஆனால் கயிறு மட்டும் மேலே வந்தது. "ஒரு எலும்பாவது கெடச்சாப் போதும்ல, கல்லறையில வச்சு ஒரு மெழுகுதிரி கொளுத்துவேன்" என்று அவள் அழுத நாளிலிருந்து தம்பியும் வாசற்படி ஏறுவதில்லை. பார்க்க முகம் இல்லை போலும். புருஷனும் போய், தம்பியும் போய், அடக்கம் செய்ய ஒரு துண்டு எலும்புகூட இல்லாமல் நிற்கிறாள்.

கயிறு அசைந்தது.

ஜன்னல்கள் சாத்தியிருந்தன. மின்விசிறி ஓடவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து பழைய சங்குச் சதையின் வீச்சம், சேறும் உப்பும் கலந்து, மெல்ல மேலேறி அவள் தொண்டையில் ஒட்டியது.

"ஜெயசெல்வி?"

கதவு பூட்டியே இருந்தது.

கயிறு விறைத்தது. ஒரு வெட்டு வெட்டி இழுத்தது.

கீழே இருப்பவன் மேலே தூக்கச் சொல்கிறான் என்று அர்த்தம். இந்தக் கரையில் பிறந்த சின்னப்பிள்ளைக்கும் தெரியும். வெட்டு வந்தால் யார், என்ன என்று கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. கேட்கிற நேரத்தில் கீழே உயிர் போய்விடும். பொம்பளை கை கயிற்றில் படக்கூடாது என்பதும் அவளுக்குத் தெரியும். அந்த நினைப்பு வருவதற்குள் இரண்டு கைகளும் கயிற்றைப் பிடித்திருந்தன.

இழுத்தாள். கனத்தது. இழுத்தாள். கயிறு வந்துகொண்டே இருந்தது, தூர்ந்த கிணற்றில் அத்தனை ஆழம் ஏது என்று மனசு கேட்டது, கை கேட்கவில்லை. உள்ளங்கை தோல் உரிந்தது.

விளிம்புக்குக் கீழே ஒரு கை. வெளுத்து ஊறியிருந்தது. விரலில் கல்யாண மோதிரம். அவள் போட்டுவிட்டது.

பயம் போன இடம் தெரியவில்லை. அழுகை பொங்கியது.

"ஏங்க, மேல வாங்க. நான் பிடிச்சிருக்கேன்."

அந்தக் கையைப் பற்றிக்கொண்டு குனிந்தாள்.

ஜெரால்டுதான். கன்னம் உப்பி, வாயை இறுக மூடி, மூச்சை அடக்கியபடி அவளையே பார்த்தான். அவன் காலை இன்னொருவன் பிடித்திருந்தான். அவன் காலை வேறொருவன். இருட்டுக்குள் போகப் போக முகங்கள். எல்லாம் கன்னம் உப்பிய முகங்கள். எல்லாம் மேலே பார்த்தன.

கையை உருவினாள். வரவில்லை.

கத்த வாயைத் திறந்தாள். சத்தம் இல்லை. காற்று இல்லை. நெஞ்சு ஒட்டிப் போனது.

கீழே ஜெரால்டு வாயைத் திறந்து, ஆசைதீர ஒரு மூச்சு இழுத்தான்.

அவனுக்குக் கீழே இருந்தவனும் வாயைத் திறந்தான்.