பூத்தால்தான் அடையாளம் தெரியும்

அம்மா இறந்தபின் வந்த முதல் பூக்காலத்தில், தோட்டத்து ஐரிஸ் பூச்செடிகளின் பக்கத்தில் பெயர் எழுதி நட்டிருந்த குச்சிகள் எல்லாம் காணாமல் போயின.

மொத்தம் ஏழு செடிகள். ஏழும் அந்தக் காலத்து ரகங்கள். இப்போது கடைகளில் கிடைக்காதவை. அம்மா எங்கெங்கோ கேட்டு வாங்கி நட்டிருந்தாள். கிழங்குகள் நெருக்கியடித்து வளர்ந்துவிட்டதால், பூ முடிந்ததும் பிரித்து நட வேண்டும்.

"பூ வாடிட்டா எல்லாம் ஒரே மாதிரி கத்தி இலைதான். அப்புறம் எது எதுன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் அப்பா.

அக்காவுக்குப் பதினொரு வயது. வீடு முழுக்கத் தேடினாள். கடைசியில் தம்பியின் கட்டிலுக்கடியில், செருப்பு டப்பாவுக்குள் ஏழு குச்சிகளும் இருந்தன.

"ஏன்டா பிடுங்கினே?" என்று கத்திவிட்டாள்.

தம்பி ஒரு குச்சியை எடுத்து நீட்டினான். "மழையில அம்மா எழுத்து அழியுதுக்கா."

உண்மைதான். மையெழுத்து பாதி கரைந்திருந்தது. அதற்குமேல் அவளால் திட்ட முடியவில்லை. அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "வா, பூக்களையே கேட்டுடுவோம்."

ஒவ்வொரு பெயரின் கீழும் அம்மா ஒரு குறிப்பு எழுதியிருந்தாள். அக்கா முதல் குச்சியைப் படித்தாள்.

"'மழைமேகம். சாம்பல் நீலம். தாடி மஞ்சள்.'"

"பூவுக்குத் தாடியா?"

"தொங்குற இதழ் மேல பஞ்சு மாதிரி இருக்கே, அதுதான்."

"அப்பாவுக்கும் இப்ப இருக்கு" என்றான். அப்பா சவரம் செய்து பல நாளாகியிருந்தது.

இரண்டு மஞ்சள் பூக்கள் அச்சாக ஒன்றுபோலவே இருந்தன. ஒரு குச்சியில் மட்டும் 'திராட்சை வாசனை' என்று இருந்தது. தம்பி இரண்டிலும் மூக்கை நுழைத்தான். மூக்கெல்லாம் மகரந்தம். மூன்று தும்மல் போட்டுவிட்டு, "இது திராட்சை, அது சோப்பு" என்று தீர்ப்புச் சொன்னான்.

அக்கா புதுக்குச்சிகளில் பென்சிலால் எழுதினாள். பென்சில் மழைக்கு அழியாது. பழைய குச்சிகளை டப்பாவிலேயே வைத்து, "இதெல்லாம் உன்கிட்டயே இருக்கட்டும்" என்று தம்பியிடம் கொடுத்தாள்.

கடைசிக் குச்சியில், 'பெயர் தெரியாது. பூக்கட்டும், பார்ப்போம்' என்று இருந்தது. அந்தச் செடி இதுவரை பூத்ததே இல்லை. அன்று காலையில்தான் ஒரே ஒரு மொட்டு விரிந்திருந்தது. வெளிர் ஊதா. ஓரத்தில் மெல்லிய பழுப்புக் கோடு.

"அம்மா இதைப் பார்க்கவே இல்லை, இல்லக்கா?"

"இல்லடா."

"நாமளே ஒரு பேர் வச்சிடலாமா?"

அவள் யோசித்தாள். "வேண்டாம். அதுக்குன்னு ஒரு பேர் எங்கேயோ இருக்கும். தப்பா எழுதினா அம்மாவுக்குப் பிடிக்காது." நிறம், தாடி, வாசனை மூன்றையும் மட்டும் எழுதினாள்.

பின்னால் வந்து நின்ற அப்பா பென்சிலை வாங்கி, அதன் கீழே அன்றைய தேதியைப் போட்டார்.

இரண்டு மூன்று நாளில் வாடிவிடும் பூ அது. வெயில் இறங்கும்வரை மூவரும் அதன் பக்கத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லை.