இயக்குநர் குடித்த தண்ணீர்

பெருமக்களே! வரலாறு ஒரு டம்ளருக்குள் அடங்கப்போகும் பொன்னாள் இது!

மாசுத் தடுப்புத் துறையின் மாண்புமிகு இயக்குநர், மூடிக் கிடக்கும் முலாம் ஆலையின் பின்தெருவுக்கு நேரில் எழுந்தருளி, அங்குள்ள போர்வெல் தண்ணீரைத் தம் திருவாயால் பருகி, 'இதில் நஞ்சு இல்லை' என்று உலகுக்கு நிரூபிக்கப்போகிறார்!

பருகினார்.

"ஆஆஆ...!"

டம்ளர் பறந்தது. தொண்டையைப் பிடித்துக்கொண்டு இயக்குநர் சரிந்தார். மைக்கும் கூடவே சரிந்து, அவருடைய அலறலைத் தெருக்கோடி வரை ஒலிபரப்பியது.

"தண்ணியில விஷம்டா!"

கூட்டம் சிதறி ஓடியது.

ஆம்புலன்ஸ் கிளம்பிய சூட்டோடு போலீஸ் ஜீப் வந்து நின்றது. இறங்கிய பெண் இன்ஸ்பெக்டரிடம் மூச்சிரைக்க ஓடினார், இயக்குநரின் பி.ஏ.

"மேடம்! இந்த டீச்சரம்மாதான் ஊத்திக் குடுத்தது! நேத்து ஆஃபீஸ்லயும் வந்து 'குடிச்சுக் காட்டுடா'ன்னு கத்துச்சு! மொதல்ல பிடிங்க!"

அவர் விரல் நீண்ட இடத்தில், அந்தத் தெருவுக்காக மனு மேல் மனு போட்டுச் செருப்புத் தேய்ந்த டீச்சர் நின்றுகொண்டிருந்தாள்.

"ஏம்மா, நீங்களா குடுத்தீங்க?"

"நான்தான் மேடம். மேடையில போர்வெல் தண்ணின்னு சீல் வெச்ச பாட்டில் இருந்துச்சு. உடைச்சு ஊத்தி நீட்டினேன்."

"நேத்து அவர் ஆஃபீஸ்ல போய், 'குடிச்சுக் காட்டுடா'ன்னு கத்தினது?"

"அதுவும் நான்தான். ஆனா 'டா' போடல."

"கொலை முயற்சி கேஸும்மா. உள்ள போனா லேசுல வெளிய வர முடியாது."

டீச்சர் இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் பொண்ணுக்கு ரெண்டு கையும் புண்ணு மேடம். இந்தத் தண்ணி பண்ண வேலை. எங்களுக்குன்னு வேற யாரும் இல்ல... நான் உள்ள போய்ட்டா அவளுக்கு மருந்து போடக்கூட ஆள் கிடையாது!"

"நடிப்பு!" என்றார் பி.ஏ.

"சார், உங்க விமர்சனத்தை அப்புறம் கேட்டுக்கறேன்."

டீச்சரை ஜீப்பில் ஏற்றிவிட்டு, பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரையும் தானே அடித்துப் பிடித்த போர்வெல் தண்ணீரையும் ஆய்வகத்துக்கு அனுப்பினார் இன்ஸ்பெக்டர்.

காத்திருந்தார்கள்.

ஆலையின் துருப்பிடித்த கேட் காற்றில் கிரீச்சிட்டது. ஜீப்புக்குள் டீச்சர் சத்தமில்லாமல் அழுதாள்.

செல்போன் அலறியது! ஆய்வகத்துக் கெமிஸ்ட்.

"மேடம், போர்வெல் தண்ணியில அந்த முலாம் ஆலை விட்ட குரோமியம் எக்கச்சக்கம். அதுல கால்கூடக் கழுவக் கூடாது."

"அப்ப அதுதான் அவரைச் சாய்ச்சுதா?"

"இல்ல மேடம். அது வருஷக்கணக்குல உள்ளேயிருந்து அரிக்கும். ஒரே மடக்குல ஆளை உருட்டாது. பாட்டில்ல இருக்கிறதோ... வேற தண்ணி! குரோமியம் மருந்துக்கும் இல்ல. வடிகட்டின கேன் தண்ணி. கூடவே நைட்ரிக் ஆசிட்!"

"ஆசிட்டா! யார் போட்டது?"

"நாங்கதான்."

"என்னய்யா சொல்ற...?"

"ஐயோ, பதறாதீங்க மேடம்! அது சாம்பிள் பாட்டில். தண்ணியில இருக்கிற உலோகம் பாட்டில் சுவர்ல ஒட்டிக்கக் கூடாதுன்னு, அடியில கொஞ்சம் ஆசிட் விட்டுத்தான் குடுப்போம். யாரும் அதை எடுத்துக் குடிக்க மாட்டாங்க... பொதுவா."

இன்ஸ்பெக்டர் திரும்பினார். பி.ஏ. பூனை போல நழுவிக்கொண்டிருந்தார்.

"சார்... எங்க கிளம்பிட்டீங்க?"

"பா... பாத்ரூம்..."

"அடக்கிக்குங்க. அந்த பாட்டில்ல தண்ணி பிடிச்சது யாரு?"

பி.ஏ. திரும்பி வந்தார்.

"நான்தான் மேடம். ஆஃபீஸ் கேன்லேருந்து. சார்தான் சொன்னாரு... 'அந்தக் கருமத்தை எவன்யா குடிப்பான்? லேப் பாட்டில்ல நம்ம தண்ணிய ஊத்தி சீல் வை, ஜனம் நம்பும்'னாரு."

"பாட்டிலை ஒரு தடவை கழுவியிருந்தாக்கூட மனுஷன் தப்பிச்சிருப்பாரேய்யா!"

பி.ஏ. நெஞ்சை நிமிர்த்தினார்.

"'கழுவக் கூடாது'ன்னு லேபிள் ஒட்டியிருந்துச்சு மேடம். என் சர்வீஸ்ல நான் விதிமுறையை மீறினதே கிடையாது!"

ஜீப்பிலிருந்து டீச்சர் மெல்ல எட்டிப் பார்த்தாள்.

"அப்ப... எங்க போர்வெல்ல விஷம்னு அவருக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்மா. தெரிஞ்சுதான் உங்க பொண்ணைக் குடிக்க விட்டாரு." இன்ஸ்பெக்டர் ஜீப்பின் கதவைத் திறந்தார். "இறங்கி வீட்டுக்குப் போங்க. நீங்க ஏற வேண்டிய ஜீப் இல்ல இது. சார், நீங்க ஏறுங்க!"

பி.ஏ. ஏறினார். இயக்குநரின் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரருக்கு ஸ்டூல் போடப்பட்டது.

மாலைக்குள் போர்வெல்லுக்கு சீல் வைத்தாகிவிட்டது.

தெருவுக்கு லாரித் தண்ணீர் விடச் சொல்லும் அதிகாரம், விதிப்படி, இயக்குநர் ஒருவருக்கு மட்டுமே உண்டு.

அவருக்கு இன்னும் பேச்சு வரவில்லை.