ஏழு தொப்பி, ஒரு யானை

"செத்துப்போன என் அண்ணன் படத்துக்கு ஒன்பது வருஷமா மாலை போடறேன் சார். அது நான்தான்னு இவர் சொல்றாரு."

சின்னக்கடைத் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் கஸ்தூரி இதைச் சொன்னபோது அழுகைக்கும் கோபத்துக்கும் நடுவில் இருந்தாள். 'இவர்' என்றது அப்பாதுரையை. கீழ்பென்னாத்தூர் விவசாயி, ஐம்பத்திரண்டு வயது. சட்டை தைக்கக் கொடுக்க வந்த இடத்தில் தன் முகத்துக்கு மாலையும் ஊதுபத்தியும் பார்த்தவர் பாவம், இன்னும் வேர்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் தேடி வந்தது செங்கம் ரோட்டில் இருக்கும் கோதண்டராமனை. என்.சி.சி. ஸ்டோரில் இருபத்தேழு வருஷம் தொப்பியும் பேட்ஜும் எடுத்துக் கொடுத்து ஓய்வு பெற்றவர். பழைய பட்டாளப் படங்களில் யார் எந்தப் படை என்று தெரியவேண்டுமானால் ஊரே அவரிடம்தான் வரும். எதற்கும் அவசரப்படமாட்டார். அவருக்கும் சேர்த்து அவசரப்பட மனைவி சந்திரகலா இருந்தாள்.

கஸ்தூரி இரண்டு படங்களை மேஜைமேல் வைத்தாள். ஒன்று, பெரிதாக்கிய முகம். இன்னொன்று, அந்த முகத்தை எடுத்த பழைய குரூப் படம்: காக்கிச் சட்டையும் தொப்பியுமாகத் தோளோடு தோள் இடித்துக்கொண்டு ஒரே வரிசையில் ஏழு பேர். ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு பெயர். இடமிருந்து இரண்டாவது, ஹவில்தார் கருப்பன். மூன்றாவது, அருணகிரி. ஐந்தாவது, அப்பாதுரை.

"அறுபத்துமூணுல நடந்த என்.சி.சி. கேம்ப் சார். அப்புறம் பட்டாளத்துல சேர்ந்து, அறுபத்தஞ்சு பாகிஸ்தான் சண்டையில அண்ணன் போயிட்டாரு. அப்ப எனக்கு ஒரு வயசு. அப்பா முன்னாடியே இல்ல. அம்மா இந்தப் படத்தைப் பெட்டியில போட்டுப் பூட்டுனவங்கதான். பார்த்தா தாங்கமாட்டேன்னு சாகற வரைக்கும் வெளிய எடுக்கல. அவங்க போனப்புறம் நான்தான் ஸ்டுடியோவுல கொடுத்து பிரேம் போட்டேன். படத்துக்குப் பின்னாடி இருந்த பேரை ஸ்டுடியோக்காரங்களே கீழ எழுதிக் கொடுத்தாங்க."

"அண்ணனைத் தெரிஞ்சவங்க வேற யாரும் இல்லையா?" என்றாள் சந்திரகலா.

"யாரும் இல்லக்கா. வெள்ளிக்கிழமை அவர் படிச்ச ஸ்கூல்ல அவர் படம் திறக்கறாங்க. பெயிண்டர் இந்த மூஞ்சியத்தான் வரைஞ்சிட்டு இருக்காரு. இது அண்ணன் இல்லன்னா, என் அண்ணன் யாரு சார்?"

"எனக்கு மத்தவங்க யாரும் ஞாபகம் இல்லீங்க. பத்து ஸ்கூல்லேருந்து வந்த பசங்க, பத்து நாள் கேம்ப்" என்றார் அப்பாதுரை. "ஆனா என் மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

சந்திரகலாவுக்குப் பொறுக்கவில்லை. "ஸ்டுடியோக்காரன் ரெண்டு பேரை மாத்தி எழுதிட்டான், அவ்வளவுதான்!"

"இரு கலா. இந்த ஏழு பேர்ல ஒருத்தர்தான் நிஜப் பட்டாளம், ஹவில்தார். மத்த ஆறும் பள்ளிக்கூடப் பசங்க. முதல்ல அவரைப் பிடிப்போம்."

"ஹவில்தார்னா கையில மூணு பட்டை இருக்குமே?"

"இடிச்சிக்கிட்டு நிக்கறாங்க, கை தெரியல. தொப்பி தெரியுது பாரு" என்று லென்ஸை அவளிடம் தந்தார். "கேடட் பேட்ஜ் வட்டமா இருக்கும், சுத்தி இலை வளையம். ரெண்டாவது ஆளுக்கு என்ன இருக்கு?"

"வட்டம்தான். அப்ப இது ஹவில்தார் இல்ல!" லென்ஸ் வரிசையில் நகர்ந்தது. எல்லாம் எள்ளளவு வட்டங்கள். ஆறாவது தொப்பியில் நின்றுவிட்டது. "என்னங்க, இது வேற மாதிரி இருக்கு. தும்பிக்கை... யானை!"

"மெட்ராஸ் ரெஜிமெண்ட். அவர்தான் கருப்பன். பேர் இடப்பக்கம் ரெண்டாவது, ஆள் வலப்பக்கம் ரெண்டாவது. இப்போ அப்பாதுரையைப் பாரு. பேர் இடமிருந்து அஞ்சாவது. தன்னோடதுன்னு அவர் சொல்ற முகம் வலமிருந்து அஞ்சாவது. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி தப்பு வருமா? ஸ்டுடியோக்காரர் எதையும் மாத்தலை. பின்னாடி இருந்ததை இருந்தபடியே எழுதினார். அதுதான் வினை. வரிசையே தலைகீழ். நடுவுல நிக்கறவர் மட்டும் தப்பிச்சார்."

அவர் பிரேமைக் கவிழ்த்து, ஆணிகளை நெம்பி, படத்தை வெளியே எடுத்தார். முதுகில் நீல மையில் ஏழு பெயர்கள். நேர்கோட்டில் இல்லை. ஒன்று மேலே, ஒன்று கீழே. நான்காவது மிகவும் இறங்கியிருந்தது. நான்காவது ஆள் குள்ளம்.

"எழுதினவர் படத்தைக் கவிழ்த்து வெளிச்சத்துல பிடிச்சு, அவங்கவங்க முதுகுக்குப் பின்னாலயே பேரை எழுதியிருக்கார். வாம்மா, நீயே பாரு."

ஜன்னலில் நல்ல வெயில். மெல்லிய தாளில் போட்ட அந்தப் படத்தை ஜன்னல் கண்ணாடிமேல் வைத்து அழுத்தினார். மை இந்தப் பக்கம் ஊடுருவித் தெரிந்தது. ஏழு பெயர்களும் ஏழு மார்புகளில் போய் உட்கார்ந்தன. கருப்பன் யானைத் தொப்பிக்காரர்மேல். அப்பாதுரை அப்பாதுரைமேல். ஐந்தாவதாக நின்ற ஒல்லிப் பையனின் சட்டைப்பையில், அருணகிரி.

ஓயாமல் பேசும் சந்திரகலாகூடக் கைகூப்பி நின்றாள். செத்து முப்பத்துநாலு வருஷமான ஒருவன், 'நான் இங்கேதான் இருக்கிறேன்' என்று தானே வந்து நின்றதுபோல இருந்தது. பேட்ஜையும் தொப்பியையும் வாழ்நாளெல்லாம் எண்ணிய கோதண்டராமனுக்கே மயிர்க்கூச்செறிந்தது.

"சின்னப் பையனா இருக்காரே" என்றாள் கஸ்தூரி. "என் மகன் வயசுதான் இருக்கும்."

அதுவரை தன் முகத்தை மட்டுமே பார்த்துப் பயந்திருந்த அப்பாதுரை, அந்த ஐந்தாவது முகத்தைக் குனிந்து பார்த்தார்.

"இவனா! எம்மா, இவனை எனக்குத் தெரியும்மா. பேருதான் தெரியாது. எனக்கு லெஃப்ட் ரைட்டே வராது. ஹவில்தார் ஜாஸ்தி திட்டுவாரு. இவன் பின்னாடி வந்துக்கிட்டே, அவருக்குக் கேக்காம எனக்கு மட்டும் சொல்லிக்கொடுப்பான். பத்து நாளும்."

கஸ்தூரி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படிச் சொல்வாருங்க? அதே மாதிரி சொல்லிக் காட்டுங்க."

அப்பாதுரைக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் அவள் பின்னால் போய் விறைப்பாக நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"லெஃப்ட்... லெஃப்ட்... பயப்படாத, நான் இருக்கேன்... லெஃப்ட்..."

கஸ்தூரி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "இன்னொரு தடவை" என்றாள்.