மெய்ப்பெட்டி நம்பிய கை

"பெட்டி தொறக்க மாட்டேங்குதும்மா. கைய வச்சேன், செவப்பு லைட்டு எரியுது" என்றது தொலைபேசியில் ஒரு பெண்குரல்.

கோகிலவாணி திரையைப் பார்த்தாள். வாங்கியவர் பெயர் சீனியம்மாள், ஊர் அருப்புக்கோட்டை, பொருள் ஒரு மிக்ஸி. மெய்ப்பெட்டியின் முடிவு: ஏமாற்றும் நோக்கம்.

"செவப்பு எரிஞ்சா நான் ஒண்ணும் பண்ண முடியாதுங்க. பெட்டி எங்கிட்ட திரும்பி வந்துரும். உங்க காசும் உங்களுக்கு வந்துரும்."

"காசு கெடக்கட்டும்மா. நான் இட்லிக் கடை போட்ருக்கேன். பழைய மிக்ஸி புகைஞ்சு போச்சு, நாளைக்குச் சட்னிக்கு வழியில்ல. இதையும் விட்டா யாவாரம் போச்சேன்னு தொடும்போதே கை வெடவெடன்னு ஆடிருச்சு. அதுக்காக என்னைய களவாணிங்குதா இது?"

"கை எதுக்கு ஆடுதுன்னு பெட்டிக்குத் தெரியுமுங்க" என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தாள்.

அவளைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்லிவிடக் கூடாது. கோயம்புத்தூர் கணபதியில், வீட்டு மாடியிலேயே மிக்ஸிகளைப் பொருத்தித் தயாரித்து இணையப் பெருஞ்சந்தையில் விற்று வந்தவள் அவள். அந்தச் சந்தையில் அவள் பட்ட பாடு கொஞ்சமல்ல. வாங்குகிறவர்கள் புது மோட்டாரைக் கழற்றிக்கொண்டு, எரிந்துபோன தங்கள் பழைய மோட்டாரை உள்ளே சொருகி, 'ஓடவில்லை' என்று திருப்பி அனுப்புவார்கள். பிரிக்கும்போதே கருகல் வாடை மூக்கில் ஏறும். ஒருவர் மிக்ஸியை எடுத்துக்கொண்டு பெட்டியில் செங்கல்லை வைத்து அனுப்பினார். தனக்கு வந்ததே செங்கல்தான் என்று குலதெய்வத்தின் மேல் சத்தியமும் செய்தார். சந்தையின் சட்டம் அவரைத்தான் நம்பியது. விற்றவள் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

அதன் பிறகுதான் மெய்ப்பெட்டி வந்தது. சுமைப்பறவி என்கிற பறக்கும் வண்டி அதை வாசலில் இறக்கி வைத்துவிட்டுக் காத்திருக்கும். வாங்கியவர் வலது கட்டை விரலை ஒரு பொட்டில் வைத்துத் தான் இன்னார் என்று காட்ட வேண்டும். இடது உள்ளங்கையை மூடியின் மேலுள்ள நாடியுணரித் தகட்டில் பதிக்க வேண்டும். "இந்தப் பொருளை நேர்மையான நோக்கத்தோடு பெறுகிறீர்களா?" என்று பெட்டி கேட்கும். வாய் என்ன பதில் சொல்கிறது என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. கையின் துடிப்பையும் வியர்வையையும் விரல் அழுத்தத்தையும் படித்து, பச்சையா சிவப்பா என்று அதுவே முடிவு செய்யும். மூன்று முறை சிவப்பு விழுந்தால் சுமைப்பறவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

பூட்டிய பெட்டியை உடைத்தால் உள்ளே இருக்கும் கருவி ஊமையாகிவிட வேண்டும், பிறகு அது எந்தக் காலத்திலும் ஓடக் கூடாது என்று விற்பனையாளர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று கேட்டவள் கோகிலவாணிதான். பெட்டி திறந்த பிறகு பித்தலாட்டம் தெரிய வந்தாலும் முப்பது நாள் வரை தொலைவிலிருந்தே ஊமையாக்கலாம் என்பதும் அவள் சேர்த்த விதி. மேல்முறையீடு வைக்கலாமா என்று ஒருவர் கேட்டபோது, "அழுது நடிக்கறவனுக்குத்தானுங்க அதெல்லாம் வேணும்" என்றாள். கூட்டமே கைதட்டியது.

பெட்டிக்குப் பாடம் சொன்னதும் அவள்தான். ஏமாற்றுகிறவனின் கை எப்படி இருக்கும் என்று யாராவது அதற்குக் காட்டித் தர வேண்டுமே. அசல் திருடர்கள் வந்து காட்டித் தரப் போவதில்லை. சங்கச் செயலாளர் தாமோதரன் இவளை அழைத்தார். திருடர்களின் தில்லுமுல்லுகளை இவளைவிட அறிந்தவர் யார்? ஒரு மாதம் சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து, பெட்டி பெட்டியாகத் தொட்டு, நெஞ்சு படபடக்க, விரல் ஜில்லிட, திருட்டுக் கையாகத் தன் கையைக் கொடுத்தாள். "என்னங்க இது, அசலாட்டவே இருக்குதே!" என்று தாமோதரன் அசந்துபோனார்.

இன்று காலை முதல் அவளுக்கு வேறு கவலை. கூடத்தில் அவள் கணவர் ரத்தினசபாபதி சாய்வு நாற்காலியில் கிடந்தார். அவருடைய இதயம் ஓய்ந்து மூன்று வருடமாகிறது. நெஞ்சுக்குள் வைத்த பம்பு ஒன்றுதான் ரத்தத்தை ஓட்டுகிறது. அது விட்டு விட்டு அடிக்கும் பம்பு அல்ல, ஓடைபோல ஒரே சீராகத் தள்ளும் பம்பு. அதனால் அவருக்கு நாடித்துடிப்பே கிடையாது. புதிதாக வரும் நர்சுகள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டு அலறுவதைப் பார்ப்பதில் அவருக்கு ஒரு சந்தோஷம். மெய்ப்பெட்டியும் அவர் கையை ஏற்றதில்லை. அவர் பெயரில் எது வாங்கினாலும் 'கையை வையுங்கள்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அதனால் வீட்டில் எல்லாம் அவள் பெயரில்தான்.

பம்பை நடத்துவது அவர் இடுப்பில் கட்டியிருக்கும் சோப்புப் பெட்டி அளவுள்ள இயக்கி. விடிந்ததும் அதில் மஞ்சள் விளக்கு எரிந்தது. மஞ்சள் சிவப்பானால் பம்பு நிற்கும். சாயங்காலம் வரை தாங்கினால் பெரிது என்றார் மருத்துவர். "கூட்டிட்டு வந்தாலும் நாங்களும் அதே இயக்கியைத்தான் வரவழைக்கணும்மா. யாரும் இப்ப ஸ்டாக் வெக்கறதில்ல. நீங்க நேரா வாங்கறதுதான் சீக்கிரம்." ஓசூரிலிருந்து கிரிதர் என்ற விற்பனையாளர் உடனே அனுப்பிவைத்தார்.

மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன் சுமைப்பறவி வாசலில் இறங்கியது.

கோகிலவாணி ஓடிப்போய் மண்டியிட்டாள். கட்டை விரலை வைத்தாள், உள்ளங்கையைப் பதித்தாள். பெட்டி தன் கேள்வியைக் கேட்டது.

"ஆமா."

சிவப்பு.

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. கையில் ஈரம் இருந்திருக்கும். புடவையில் அழுந்தத் துடைத்தாள், மூச்சை இழுத்து விட்டாள், மறுபடி வைத்தாள்.

சிவப்பு.

கிரிதரை அழைத்தாள். "தம்பி, நான் கோயம்புத்தூர் கோகிலவாணி பேசறனுங்க. பெட்டி தப்பாக் காட்டுது. நீங்க அங்கிருந்தே தொறந்து விட்றோணும். என்ற வீட்டுக்காரர் பம்பு நிக்கப் போகுது."

"மேடம், நான் தொறந்தா பொறுப்பு என்னுது. நாளைக்கு உள்ள பழசை வெச்சு அனுப்பினா நான் எங்க போவேன்?"

"நானே விக்கறவ தம்பி! சங்கத்துல இருக்கறவ!"

"போன வாரம் ஒருத்தர் தன்னை டாக்டர்னே சொன்னாருங்க." அந்தக் குரலில் கோபம் இல்லை, சலிப்புதான் இருந்தது. "எல்லாருக்கும் வீட்ல யாராச்சும் சாகக் கெடக்கறாங்க. தப்பா நெனக்காதீங்க. உங்க கை ஏன் நடுங்குதுன்னு பெட்டிக்குத் தெரியும்."

அழைப்பு அறுந்தது. அந்தப் பையனைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. அவன் பேசிய ஒவ்வொரு சொல்லும் அவளுடைய சொல்.

உள்ளே இயக்கி கீச்சிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தாள். மஞ்சள் விளக்கு இப்போது விட்டு விட்டு எரிந்தது. ரத்தினசபாபதியின் உதடு வெளிறியிருந்தது.

"பெட்டி வரலியா?"

"வந்துருச்சுங்க. என்னைத் திருடீங்குது."

"உன்னையா? நீ சொல்லிக் குடுத்த பெட்டிதானே அது?"

அந்த ஒரு மாதம் அவள் கண்முன் வந்தது. திருட்டுக் கையின் நடுக்கத்தை வரவழைக்க அவளுக்கு நடிப்பு வராது. ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். ஒவ்வொரு முறையும் கண்ணை மூடி, இவர் சமையலறையில் சுருண்டு விழுந்த நாளை நினைத்துக்கொள்வாள். போய்விடுவாரோ என்று அன்று அடித்துக்கொண்ட நெஞ்சை மறுபடி அடித்துக்கொள்ளச் செய்வாள். கை தானாக ஜில்லிடும். அந்தப் பயத்தைத்தான் அவள் பெட்டிக்குத் திருட்டு என்று சொல்லிக் கொடுத்திருந்தாள்.

நேர்மையான கைக்கு மாதிரியாக யார் கையைக் கொடுத்தார்கள் என்பதும் நினைவுக்கு வந்தது. சங்க அலுவலகப் பையன்கள் டீ குடித்தபடி வந்து வரிசையாகத் தொட்டுவிட்டுப் போனார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்றுகூட அவர்களுக்குத் தெரியாது. பெட்டியில் இருப்பது தேவைப்படாதவனின் கையை நல்ல கை என்றும், அது இல்லாவிட்டால் பிழைப்பில்லை என்று தொடுகிறவனின் கையைக் கள்ளக் கை என்றும் பெட்டி படித்து வைத்திருந்தது. ஐயோ, எத்தனை பேர்! இப்போது அழுதால் கை இன்னும் நடுங்கும்.

இன்னும் ஒரே முறைதான் பாக்கி. அமைதியான கை வேண்டும். இந்த வீட்டில் அவளுக்கு அமைதி வருவதற்கு வழியே இல்லை.

அவள் கணவரின் கையைப் பார்த்தாள். நாற்காலிக் கைப்பிடி மேல் அது உலர்ந்து, குளிர்ந்து, அசையாமல் கிடந்தது. அந்தக் கையில் பயம் ஏறவே ஏறாது. பயத்தைக் காட்டும் துடிப்பே அதில் இல்லை.

"ஏனுங்க, உங்களால ரெண்டு எட்டு நடக்க முடியுமுங்களா?"

"எங்க?"

"வாசலுக்கு. களவாணித்தனம் பண்ணப் போறோம்."

அவரைத் தோளில் தாங்கி வாசலுக்குக் கொண்டுவந்து படியில் உட்கார வைத்தாள். பெட்டியை நடுவில் இழுத்துக்கொண்டாள். தன் வலது கட்டை விரலைப் பொட்டில் வைத்தாள். அவருடைய இடது உள்ளங்கையைத் தகட்டில் பதித்தாள். தன் இடது கையால் அவர் முன்னங்கையைச் சுற்றிப் பிடித்தாள்.

'கையை வையுங்கள்' என்றது பெட்டி.

அவள் அவர் முன்னங்கையை அழுத்தினாள், விட்டாள். மறுபடி அழுத்தினாள், விட்டாள். ஒவ்வொரு அழுத்தத்துக்கும், நாடி துடிப்பது போல, கொஞ்சம் ரத்தம் அவர் உள்ளங்கைக்கு ஓடியது.

"வேகமாப் போற வாணி" என்று அவர் முனகினார். "தூளியாட்டற மாதிரி ஆட்டு. மெதுவா."

தூளி ஆட்டுவது போலவே அழுத்தினாள். அவள் நெஞ்சு காதுக்குள் முரசடித்துக்கொண்டிருந்தது. கை மட்டும் வேறு யாருடைய நிம்மதிக்கோ தாளம் போட்டது. அவர் இடுப்பில் மஞ்சள் விளக்கு ஆரஞ்சாக மாறியது. அவள் அதைப் பார்க்கவில்லை. பார்த்தால் தாளம் தப்பும்.

"இந்தப் பொருளை நேர்மையான நோக்கத்தோடு பெறுகிறீர்களா?"

"ஆமா."

பெட்டி யோசித்தது. இத்தனை நேரம் அது யோசித்து அவள் பார்த்ததில்லை. பிறகு பச்சை விழுந்தது. மூடி தானாக எழும்பியது.

பழைய இயக்கியின் ஒயரைப் பிடுங்கிப் புதியதில் சொருகினாள். சொருகுவதற்குள் அவர் கண் செருகிவிட்டது. அவள் அவர் பெயரைச் சொல்லிக் கத்தினாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் ஒருநாளும் சொல்லாத பெயர். புது இயக்கி உறுமி, பச்சை காட்டியது. கொஞ்ச நேரத்தில் அவர் உதட்டில் நிறம் திரும்பியது. "பேர் சொல்லியெல்லாம் கூப்பிடறே" என்றார். அவள் அவர் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

அவரைக் கட்டிலில் படுக்க வைத்து, ஒரு வாய் ரசம் சோறு ஊட்டிய பிறகு தாமோதரன் அழைத்தார்.

"கோகிலாம்மா! இன்னிக்கு ஒரு பெட்டி தொறந்தீங்களாமா? மொதல்ல ரெண்டு செவப்பு, அப்பறம் ஒரு பச்சை?"

அவள் சோற்றுத் தட்டைக் கீழே வைத்தாள். "ஆமாங்க."

"அந்தப் பச்சையப் பாத்து பெட்டிக் கம்பெனிக்காரங்க ஆடிப்போய்ட்டாங்க. ஒரு பொட்டு வேர்வை இல்ல. கேள்வி கேட்டப்பக்கூட நாடி ஒரு இம்மி ஏறல. இத்தன சுத்தமான கைய அது இதுக்கு முன்னால பாத்ததே இல்லையாமா. அந்த ரெண்டு செவப்பும் ஈரக் கையாலன்னு தள்ளிட்டாங்க." அவர் குரலில் பெருமை வழிந்தது. "நேர்மைக்கு நம்மகிட்ட நல்ல மாதிரியே இல்லாமத்தானுங்களே கெடந்தோம். ஆபீஸ் பசங்க கைய வெச்சு ஓட்டிட்டிருந்தோம். இனி உங்க கைதான் அளவு. சாயங்காலமே நாட்டுல இருக்கற எல்லாப் பெட்டிக்கும் ஏத்தீருவாங்க."

"எல்லாப் பெட்டிக்குமுங்களா?"

"எல்லாத்துக்கும். பதிவுக்காக ஒரே ஒரு கேள்வி மட்டும் கேக்கச் சொன்னாங்க. அது உங்க சொந்தக் கைதானுங்களே?"

கோகிலவாணி கட்டிலைப் பார்த்தாள். அவர் தூங்கத் தொடங்கியிருந்தார். இடுப்பில் பச்சை விளக்கு எரிந்தது. இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். அது பித்தலாட்டம் என்று பதிவாகும், ஓசூரிலிருந்து கிரிதர் ஒரு பொத்தானை அமுக்குவான், அந்த விளக்கு அணையும். அவன் மேல் தப்பும் இருக்காது. அது அவள் எழுதிய விதி.

ஆமாம் என்றால், உயிருள்ள எந்தக் கை இனி அந்த அளவுக்கு நிற்கும்?

"ஆமாங்க" என்றாள். "என்ற கைதானுங்க."

அவள் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. தாமோதரன் வாழ்த்துச் சொல்லி வைத்தார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் முதல் அழைப்பு வந்தது. ராமநாதபுரத்திலிருந்து ஒருவர், பெட்டி திறக்கவில்லை என்றார். அவர் பேசி முடிப்பதற்குள் திருவண்ணாமலையிலிருந்து இன்னொருவர், அதற்குள் நாகர்கோவில், அதற்குள் வேலூர். திரை முழுக்கச் சிவப்பு. அவள் ஒருவருக்கும் கோபமாகப் பதில் சொல்லவில்லை.

"நான் என்னம்மா செய்யணும்? எப்படித் தொட்டாத் தொறக்கும்னு மட்டும் சொல்லுங்களேன்" என்று ஒரு கிழவர் கெஞ்சினார்.

கோகிலவாணிக்குத் தெரியும். தொலைபேசியைக் காதில் வைத்தபடி, தூங்கும் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, அவள் பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.