கரடித் தீவில் ஒரு டப்பா பஞ்சாமிர்தம்

செல்போன் அடித்தது.

சேனாதிபதி திரையைப் பார்த்தான். 'பேரீச்சம்பழ மொத்த வியாபாரம்' என்றிருந்தது.

எடுத்தான்.

"முடிஞ்சுதா? செத்துட்டாளா?" என்றாள் சுசித்ரா.

சாக வேண்டியவள் மூன்றடி தள்ளி, அதே பரிசலில் உட்கார்ந்து தண்ணீரை அளைந்துகொண்டிருந்தாள். சண்முகவள்ளி. சேனாதிபதியின் மனைவி.

"இன்னும் சரக்கு எறங்கலைங்க..." என்றான் வியாபாரக் குரலில். "மதியத்துக்குள்ள எறங்கிரும். நானே கூப்புடுறேன்."

வைத்துவிட்டான்.

"யாருங்க?"

"பேரீச்சம்பழக்காரன்."

"லீவுல வந்தும் விட மாட்டேங்குறாங்களே. பாவம் நீங்க," என்றாள் வள்ளி.

அந்தப் 'பாவம்' அவனை லேசாக உறுத்தியது. ஒரு நொடிதான். சேனாதிபதிக்கு மனசாட்சி உண்டு. ஆனால் அது கடை திறக்கும் நேரத்தில் எழுந்திருக்காது.

பழனி அடிவாரத்தில் அவர்களுக்குப் பஞ்சாமிர்தக் கடை. 'அவர்களுக்கு' என்பது மரியாதைக்கு. கடை வள்ளியின் அப்பா அவள் பேரில் எழுதி வைத்தது. சேனாதிபதி கல்லாவில் உட்காரலாம், ஊதுபத்தி ஏற்றலாம், கையெழுத்து மட்டும் போட முடியாது. சுசித்ராவுக்கு சேனாதிபதி வேண்டும்தான்... கடையோடு சேர்த்து.

அதற்காகத்தான் இந்த உல்லாசப் பயணம். கொடைக்கானலில் இரண்டு நாள், ஏரி, சாக்லேட், கைகோத்து செல்ஃபி. மூன்றாம் நாள் பாச்சலூருக்குக் கீழே மந்திப்பாறை அணை. அணைக்கு நடுவில் ஒரு தீவு. தீவு நிறையப் பலா மரம். பலா பழுத்தால் கரடி நீந்தி வரும் என்று ஊரே சொல்லும்.

திட்டம் சுலபமானது. பைக்குள் ஒரு டப்பா பஞ்சாமிர்தம். அதில் தூக்க மாத்திரைத் தூள். வள்ளி சாப்பிடுவாள், தூங்குவாள். மிச்சத்தை அவள் சேலையில் தடவிவிட்டு, கைடை அழைத்துக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போய்விடலாம். மற்றதைக் கரடி பார்த்துக்கொள்ளும். கரடியை எந்தக் கோர்ட்டும் விசாரிக்காது.

பரிசல் கரை தட்டியது.

"வெரசா எறங்குங்க. ஷூவை மட்டும் கழட்டிராதீங்க. அட்டை கெடக்கு," என்றான் கைடு ராமர். நாற்பது வயது, கெட்டி மீசை.

நடந்தார்கள். தலைக்கு மேல் மலை அணில் ஒன்று கிளை விட்டுக் கிளை தாவியது. வள்ளி சிறுபிள்ளை மாதிரி அண்ணாந்து நின்றாள்.

"ஏங்க, வால் எம்புட்டு நீளம் பாருங்க. நம்ம ரெண்டு பேரும் இப்படி வந்து எத்தனை வருஷமாச்சு?"

"இனிமே அடிக்கடி வரலாம் வள்ளி," என்றான் சேனாதிபதி. நாக்கு கூசவில்லை.

மண்ணில் அகலமான கால் தடம். நகம் நகமாகப் பதிந்திருந்தது.

"கரடியா?" என்றான் ஆசையாக.

"கரடியாத்தான் இருக்கணும் சார்," என்றான் ராமர், மீசையைத் தடவிக்கொண்டு.

இதுதான் இடம். சேனாதிபதி டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தான். ஏலக்காயும் நெய்யும் மணத்தில் காட்டையே தூக்கின.

"மலையில சாமிக்கு வச்சுக் கும்பிட்டது. நீ மொதல்ல சாப்பிடு."

வள்ளி கையை நீட்டினாள். நீட்டிய கை பாதியில் நின்றது.

"ஷூ போட்டுருக்கேனேங்க."

"அதனால என்ன?"

"செருப்புக் காலோட பிரசாதம் சாப்பிடலாமா? நீங்க அடிவாரத்துல பொறந்தவருதான?"

"அப்ப ஷூவைக் கழட்டு."

"அட்டை கடிக்கும்க்கா, கழட்டாதீங்க," என்றான் ராமர்.

சேனாதிபதிக்கு அந்தக் கைடின் மென்னியைத் திருகலாம் போலிருந்தது. ஆனால் அவனே இதுவரை செருப்புக் காலோடு பிரசாதத்தை வாயில் வைத்ததில்லை.

சரசரவென்று புதர் விலகியது.

கரடி!

கறுப்பு மயிர், வெள்ளை மூக்கு. இருபதடி தூரம். பின்னங்காலில் எழுந்து நின்று, மோப்பம் பிடித்தது. பலா மரத்தைப் பார்க்கவில்லை. டப்பாவைப் பார்த்தது.

முதலில் ஓடியவன் கைடு. பக்கத்துப் பாறையில் தாவி ஏறி, வள்ளியையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டான். சேனாதிபதி பலா மரத்தில் முதுகு முட்ட நின்றான். கால் நகரவில்லை.

"டப்பாவைத் தூக்கி எறிங்க சார்!"

"பிரசாதம்யா... கீழ போடக் கூடாது..."

"உசுரு போயிரும் சார்."

"சாமி குத்தம் ஆயிரும்யா..."

பெண்டாட்டியைக் கொல்ல வந்தவன். ஆனால் பிரசாதத்தை மண்ணில் போட அவனுக்குக் கை வரவில்லை. அடிவாரத்து வளர்ப்பு அப்படி. பிரசாதத்தைக் கொடுக்கலாம், சாப்பிடலாம். மூன்றாவது வழி அவர்கள் வீட்டில் சொல்லித் தரவே இல்லை.

கரடி பத்தடிக்கு வந்தது.

கொடுக்க ஆளில்லை. கரடிக்குக் கொடுக்கும் அளவுக்குப் பக்தி முற்றவில்லை. சேனாதிபதி இரண்டு ஷூவையும் உதறினான். டப்பாவை வாயில் கவிழ்த்தான். வழித்தான். விழுங்கினான். விரலைக்கூட மிச்சம் வைக்காமல் நக்கினான்.

கரடி கிட்டே வந்து காலி டப்பாவை முகர்ந்தது. ஏமாற்றத்தோடு அவன் முகத்தில் ஒரு மூச்சு விட்டது. பிறகு ஒரு ஷூவைக் கவ்விக்கொண்டு புதருக்குள் போய்விட்டது.

பிழைத்தான்.

முருகா என்று கண்ணை மூடியவனுக்கு அப்போதுதான் உறைத்தது... விழுங்கியது என்ன என்று.

"ஆஸ்பத்திரி..." அலறினான். "பரிசலை எடுங்க! வயித்தைக் கழுவணும்!"

"பிரசாதம் சாப்பிட்டா எதுக்கு சார் கழுவணும்?" பாறையிலிருந்து இறங்கினான் ராமர். கையில் செல்போன். அது சேனாதிபதியின் முகத்துக்கு நேராக இருந்தது.

"மாத்திரை கலந்துருக்குய்யா. தூக்க மாத்திரை. நெறைய..."

"யாரு கலந்தா?"

"நான்தான்... சாமிக்கு வச்சதுக்கு அப்புறம்தான் கலந்தேன். சாமிக்கே கலந்து வைக்கிற அளவுக்கு நான் கெட்டவன் இல்ல."

"யாருக்குக் குடுக்க?"

"வள்ளிக்கு. அவ தூங்கிட்டா கரடி... ஐயோ, கண்ணு சொருகுதே. வெரசாக் கூட்டிட்டுப் போங்கய்யா."

வள்ளி அவன் முன்னால் வந்து நின்றாள். கண் கலங்கியிருந்தது. குரல் கலங்கவில்லை.

"நீங்க தின்னதுல ஒண்ணும் இல்லைங்க."

"என்னது?"

"நேத்து நீங்க குளிக்கப் போனப்ப டப்பாவைப் பார்த்தேன். மூடியில கரண்டியால நெம்புன தடம். தொட்டு நாக்குல வச்சேன், கசந்துச்சு. நம்ம கடைப் பஞ்சாமிர்தம் கசந்து நான் பார்த்ததே இல்ல. சாக்லேட் வாங்கப் போறேன்னு சொல்லிட்டுப் போய் அதை ஸ்டேஷன்ல குடுத்துட்டேன். இது நான் கொண்டாந்த வேற டப்பா. இதுவும் சாமிக்கு வச்சதுதான்."

சேனாதிபதி காலி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கலந்தது நீங்கதான்னு எப்படி நிரூபிக்கன்னு ஸ்டேஷன்ல கேட்டாங்க. அதுக்குத்தான் கூட வந்தேன். சாப்பிட்டுத் தூங்குற மாதிரி நடிக்கணும், நீங்க என்ன செய்றீங்கன்னு சார் பார்ப்பாங்க. ஆனா ஷூவோட எப்படிங்க சாப்பிடுறது? எனக்கு மனசு வரல."

இரண்டு பேருடைய திட்டத்தையும் ஒரே ஷூ கெடுத்திருந்தது.

"கடை வேணும்னு ஒரு வார்த்தை கேட்டுருந்தா எழுதியே குடுத்துருப்பேன்," என்றாள் வள்ளி. இப்போதுதான் அழுதாள். "உங்களை அம்புட்டு நம்பினேன்."

"சார்... சாருன்னா?" சேனாதிபதி கைடைப் பார்த்தான்.

"சப்-இன்ஸ்பெக்டர் ராமர்," என்றான் மீசைக்காரன், வீடியோவைச் சேமித்துக்கொண்டே. "கரடியை நானும் இன்னைக்குத்தான் சார் நேர்ல பார்க்குறேன்."

"மாத்திரையே இல்லைன்னா..." சேனாதிபதி மரத்தடியில் சரிந்து உட்கார்ந்தான். "எனக்கு ஏன் சார் தூக்கம் தூக்கமா வருது?"

ராமர் அவன் தோளில் பரிவோடு தட்டினான்.

"வந்தா நல்லாத் தூங்குங்க சார். இனிமே பல வருஷத்துக்கு உங்களுக்கு வேற சோலி ஒண்ணும் கெடையாது."